ஆறு கீழே, வாய்க்கால் மேலே

மேட்டூர் திறந்த செய்தி டிவியில் ஓட ஆரம்பித்ததும் சென்னையிலிருந்து மாப்பிள்ளை போன் செய்துவிடுவார். "உங்களுக்கென்ன மாமா, இருபதாயிரம் கன அடி விட்டிருக்காங்களாமே!" நல்ல மனசு அவருக்கு. இருபதாயிரம் கன அடியும் நேராக என் வாழைத்தோப்பு வரப்பில் வந்து நிற்கும் என்று நினைத்துக்கொள்கிறார். "ஆமா மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் போகிறது, ஆனால் வாய்க்காலில் ஏறவில்லை என்று சொன்னால், அதெப்படி மாமா என்று கேட்பார். கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால்தான் புரியும். போனில் எப்படிக் காட்டுவது?

எங்கள் ஊர் முசிறிக்குக் கிழக்கே, காவிரியின் வடகரையில். வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்ப ஆற்றின் குறுக்கே அணை எதுவும் கிடையாது. ஆற்றோரத்தில் ஒரு தலைமதகு, அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் வந்தால் அதுபாட்டுக்கு மதகு வழியாக உள்ளே நுழையும். குறைவாக வரும் காலத்தில் மதகுக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றுக்குள் சாய்வாக மணலைக் கூட்டி, நாணலும் தென்னை மட்டையும் வைத்து ஒரு கொரம்பு போடுவோம். இருபது பேர் அரை நாள் வேலை. தண்ணீர் கொரம்பில் முட்டி, யோசித்து, வாய்க்கால் பக்கம் திரும்பிவிடும். முழங்கால் அளவு தண்ணீர் போனாலே போதும்.

இப்போது கழுத்தளவு போனாலும் மதகின் வாசற்படியை நக்கிவிட்டுப் போகிறது.

டவுனில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை உண்டு. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகும், வீடு பள்ளத்தில் விழும், மழை பெய்தால் தெருத்தண்ணீர் கூடத்துக்கு வரும். எங்களுக்கு நேர் எதிர். வாசற்படி அங்கேயே இருக்கிறது, தெரு கீழே இறங்கிவிட்டது. மதகு தாத்தா காலத்துக் கருங்கல் கட்டடம். அதன் அடித்தளம் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டியது. இன்று வெளியே தெரிகிறது. பல் ஈறு இறங்கினமாதிரி. அந்தக் கல்லிடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பக்கத்துப் படித்துறையில் கடைசிப் படிக்குக் கீழே ஒரு ஆள் உயரத்துக்கு வெற்றிடம். ஆடிப்பெருக்குக்கு வரும் பெண்கள் இறங்குவதற்காக யாரோ சவுக்குக் கட்டையில் ஏணி செய்து சாத்தியிருக்கிறார்கள். புதுத் தாலிக்கயிற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்கும் பெண்ணைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

மணல் அள்ளினதால் ஆறு இறங்கிவிட்டது என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே லாரி, ராத்திரி, லஞ்சம், ரவுடி என்றுதான் கதை போகிறது. சினிமாவே எடுத்துவிட்டார்கள். என் ஆதங்கம் அதுவல்ல. சட்டப்படி, பகலில், ரசீது போட்டு அள்ளினாலும் பள்ளம் பள்ளம்தானே? 2003-இல் மணல் குவாரியை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தபோது, இனி ஒழுங்காக நடக்கும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் தோண்டக்கூடாது என்று விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு ஏக்கர் ஆற்றை ஒரு மீட்டர் தோண்டினால் எவ்வளவு வரும் என்று ஒருநாள் பேத்தியின் நோட்டில் கணக்குப் போட்டேன். நூறு கன அடி ஒரு யூனிட். 1,400 யூனிட்டுக்கு மேல் வருகிறது. இரண்டு யூனிட் லாரி என்றால் 700 நடை. ஒரு ஏக்கருக்கு! பொக்லைனுக்கு அது சில நாள் வேலை. இதில் ஒரு மீட்டரை எங்கிருந்து அளப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. போன தடவை அள்ளிவிட்டுப் போன தரையிலிருந்து மறுபடி ஒரு மீட்டர் என்றால் அந்தக் கணக்குக்கு அடி ஏது?

வெள்ளம் வந்தால் மணல் திரும்ப வந்துவிடும் என்று ஒரு அதிகாரி எனக்குப் பாடம் எடுத்தார். எந்த வழியாக வரும், அய்யா? 1934-இலிருந்து மேட்டூர் குறுக்கே நிற்கிறது. அதற்கு மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர். பருமணல் எல்லாம் அணைக்குள் தங்கிவிடுகிறது. வெளியே வருவது பெரும்பாலும் வடிகட்டின தண்ணீர். அந்தத் தண்ணீருக்குச் சுமை இல்லாததால் பசி அதிகம்; போகிற வழியில் தரையையும் கரையையும் தின்றுகொண்டே போகும். சுருக்கமாகச் சொன்னால், பாங்கியில் போடுவது நின்று போச்சு, எடுப்பது மட்டும் நடக்கிறது.

இன்னொரு சங்கதி, எங்கள் ஊர் எல்லையில் குவாரியே கிடையாது. தள்ளி, கீழே இருந்தது. அதனால்தான் எங்கள் புகாரை எவரும் காதில் வாங்கவில்லை. "உங்க ஊர்ல குவாரியே இல்லையே?" என்பார்கள். ஆறு என்ன, சர்வே கல் நட்ட நிலமா? கீழே ஒரு குழி தோண்டினால், ஓடிவரும் தண்ணீர் அந்தக் குழியின் மேல் விளிம்பில் அருவி மாதிரி விழுகிறது. விழுகிற வேகத்தில் விளிம்பு உடைகிறது. உடைந்த இடத்தில் மறுபடி அருவி, மறுபடி உடைப்பு. குழி இப்படியே படிப்படியாக மேற்கே ஏறி வருகிறது. வரப்பில் எலிவளை விழுந்தால் மடை எப்படிப் பின்னோக்கி அறுத்துக்கொண்டு வருமோ, அப்படி. இதை விவசாயி எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில அங்குலத்துக்காக இவ்வளவு புலம்பலா என்று கேட்காதீர்கள். இந்தப் பகுதியின் சரித்திரமே அங்குலச் சரித்திரம்தான். முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் பக்கம் தரை தாழ்ந்து, காவிரி மேடிட்டுப் போனதால் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்துக்கே ஓட, தஞ்சாவூர் காயத் தொடங்கியது. அதற்காகத்தான் ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே மேலணை கட்டினார். தரை எந்தப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் சோறு. அந்த மேலணையிலேயே 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே வெள்ளத்தில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் அமிழ்ந்து பாலத்தின் ஒரு பகுதியும் விழுந்தது. வயதாகிவிட்டது என்றார்கள் சிலர். இருக்கலாம். காலடி மண் போனாலும் வயதானவர்கள்தான் முதலில் விழுவார்கள்.

இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? ஆற்றை உயர்த்த அங்கங்கே கதவணை கட்டியிருக்கிறார்கள். மாயனூரில் ஒன்று, கொள்ளிடத்தில் ஆதனூர்–குமாரமங்கலத்தில் ஒன்று. வேண்டாம் என்று சொல்லவில்லை. கடல் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் ஏறி வருகிறது, கீழே இருப்பவர்கள் குடிக்க வேண்டாமா? ஆனால் மணல் சும்மா செய்துகொண்டிருந்த வேலையைக் கான்கிரீட் செய்கிறது என்பதை யாராவது ஒருவர் மேடையில் சொன்னால் மனசு ஆறும். மணல் தண்ணீரைத் தூக்கியும் பிடித்தது, உள்ளே சேர்த்தும் வைத்தது. சித்திரையில் ஆறு வறண்டு கிடக்கும்போது கையால் இரண்டு முழம் பறித்தால் ஊற்று வரும், வெள்ளரிக்காய் போட்டிருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் களிமண் பாறையாகத் தெரிகிறது. ஆறு இறங்கினதும் கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் கூடவே ஆற்றுக்குள் கசிந்து இறங்கிவிட்டது. என் கிணறு இப்போது தேங்காய் மட்டை போடும் குழி.

தாமிரபரணிக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு அய்யா தானே நீதிமன்றத்தில் நின்று வாதாடி, 2010-இல் மணல் அள்ளத் தடை வாங்கினார். காவிரிக்கு அப்படி ஒருத்தர் இல்லையே என்று திண்ணையில் ஒருநாள் அலுத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி குரல் வந்தது: "2006-ல மாடி கட்டினீங்களே, அதுக்கு மணல் எங்கேருந்து வந்துச்சாம்?" பதில் சொல்லாமல் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனேன். பதினெட்டு லோடு. ஒவ்வொன்றையும் நானே நின்று எண்ணி இறக்கினேன். "சலிக்கவே வேண்டாம், சர்க்கரை மாதிரி இருக்கு" என்று கொத்தனார் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

இந்த வருஷம் வாழை குலை தள்ளும் நேரம். ஆற்றில் தண்ணீர் போகிறது, மரம் வாடுகிறது. டீசல் என்ஜின் வைத்து ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு இறைத்துப் பார்த்தோம். வாழை விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. சரி, பழையபடி கொரம்பே போடுவோம், இந்தத் தடவை உயரமாக, மூட்டை அடுக்கிப் போடுவோம் என்று வேப்பமரத்தடியில் கூடினோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போட்டாயிற்று. சாக்கு ஆயிரம் வாங்கியாயிற்று. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் மட்டும் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு பேசாமல் நின்றார்.

"என்னப்பா, நீ ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்றதுக்கு என்னங்கய்யா இருக்கு. சாக்கு வந்துருச்சு. ரொப்புறதுக்கு மணல் வேணும்ல? ஆத்துல ஏதுங்க மணல்? எம் சாண்டுதான் விலைக்கு வாங்கணும். லாரிக்குச் சொல்லிடட்டுங்களா?"