இரண்டாவது மிருதங்கம்

தென்மராட்சிப் பலாப்பழத்துக்குக் கொடிகாமச் சந்தையில் என்றும் மதிப்புண்டு. பழத்தின் சுவையை அறிந்த அளவுக்கு அம்மரத்தின் நாதத்தை நாம் அறிந்திருக்கின்றோமா? மிருதங்கத்தின் உடலாகிய கட்டை பெரும்பாலும் பலாமரத்தைக் குடைந்தே செய்யப்படுகின்றது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்காக அவ்வாத்தியத்தைப் பயிலும் பிள்ளைகள் நம்மிடையே உளர். அவர்களுள் மேல்வகுப்பை எட்டியவரின் வீட்டில் ஒருநாள் இப்பேச்சு எழாமற் போகாது: "ஆசிரியர் இன்னுமொரு மிருதங்கம் வேண்டும் என்கிறார்; ஒன்று இருக்க இரண்டாவது எதற்கு?"

கேள்வி நியாயமானதே. மாதச் சம்பளத்திலோ தோட்ட வருவாயிலோ குடும்பம் நடத்துவோர் காரணம் அறியாது காசை எடுத்துக் கொடுத்தல் இயலாது. ஆகவே காரணத்தை முதலிற் கூறுவோம்.

பாடுவோரின் ஆதார சட்ஜத்தோடு மிருதங்கத்தின் வலந்தலை இணைந்து ஒலிக்க வேண்டும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைச் சுருதியிற் பாடுவர்; பெண்கள் ஐந்து கட்டையை அடுத்துப் பாடுவர். ஒரு மிருதங்கத்தை அரைக்கட்டை அளவு ஏற்றலாம், இறக்கலாம். அதற்குமேல் முறுக்கினால் தோல் கிழியும், வார் அறும். அளவின்றித் தளர்த்தினால் நாதம் மங்கிவிடும். உச்ச சுருதி வாத்தியம் ஒன்றையே உடைய மாணவர், கோயில் திருவிழாவில் ஆண்குரலுக்கு வாசிக்க அழைக்கப்பட்டால் என் செய்வார்? கையில் வித்தை இருந்தும் மேடையை விட்டு விலகி நிற்பார். பல ஆண்டுப் பயிற்சி அந்த இடத்தில் வீணாகின்றது.

எனவே, முதல் வாத்தியத்தால் இயலாததைச் செய்வதே இரண்டாவதின் கடமை. உச்ச சுருதி வீட்டில் இருப்பின் தக்கு சுருதியை வாங்குக. தக்கு இருப்பின் உச்சத்தை வாங்குக. முன்னதைப் போன்றதையே சற்றுப் பளபளப்பாக வாங்குவது காசுக்குக் கேடு.

தக்கு மிருதங்கம் ஏறத்தாழ 24 அங்குல நீளமுடையது; உச்சம் 22 அங்குலம் அளவினது. தக்கின் வாயும் அகன்றது. அளவு பெருகினால் ஒலி தாழும் என்பது பிறநாட்டு வாத்தியங்களுக்கும் பொருந்தும். மேனாட்டுக் கிற்றாரின் தந்தி 25 அங்குலமளவில் அதிர்கின்றது. தாழ்ந்த ஒலிக்கென அமைந்த பேஸ் கிற்றாரிலோ 34 அங்குலம் அதிர்கின்றது. ஆகவே, சிறிய கட்டையைத் தளர்த்தித் தக்கு என்று விற்பாராயின் ஏமாறாதீர்கள். அளவுநாடாவைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

காசு குறைவாயின் எதற்குச் செலவிடுவது? கட்டைக்கே என்போம். தோல் தேயும், கரணை உதிரும், வார் நையும். இவை யாவும் மாற்றத்தக்கவை. நல்ல கட்டையோ தலைமுறைகளைக் கடந்து நிற்கும். பிள்ளைகள் கடல் கடந்து சென்ற வீடுகளில், வாசிப்பாரற்று மூலையிற் கிடக்கும் பழைய மிருதங்கம் ஒன்று இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். ஈரம் வற்றி முதிர்ந்த பழங்கட்டைக்குப் புதுத்தோல் இட்டால், குறைந்த விலையில் நிறைந்த நாதம் கிட்டும்.

பார்க்க வேண்டியவை சில. கட்டை கனமாக இருத்தல் நன்று. அது வைரமேறிய மரத்தின் அறிகுறி. வெடிப்பும் புழுத்துளையும் உளவா எனத் தோல் கழற்றியபொழுது உள்ளும் புறமும் நோக்குக. விளிம்பு மேடுபள்ளமின்றி இருத்தல் வேண்டும். தோலோடு வாங்கின், சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, வலந்தலையின் பதினாறு கண்களின் அருகும் முறையே தட்டிப் பார்க்க வேண்டும். எங்கும் ஒரே சுருதி கேட்க வேண்டும். இடந்தலையில் ரவை அப்பித் 'தொம்' என்ற சொல்லைக் கேளுங்கள். தக்கின் சிறப்பு அங்கேதான் விளங்கும். இச்சோதனையை ஆசிரியரோ மூத்த மாணவரோ செய்தல் நலம்.

திருகாணி பூட்டிய மிருதங்கங்களும் இன்று கிடைக்கின்றன. சுருதி சேர்ப்பது அவற்றில் எளிது. ஆயினும் தோல் மாற்றும் செலவு அவற்றுக்கும் உண்டு. எதை வாங்கினும், தோல் மாற்றித் தருபவர் எட்டும் தூரத்தில் உளரா என்பதை முன்கூட்டியே அறிந்து கொள்ளுங்கள்.

அவர் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள் எனக் கேட்டுக்கொள்கின்றோம். பாலக்காடு மணி ஐயரின் புகழை அறியாத இசையன்பர் இலர். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர்ப் பர்லாந்துவை அறிந்தவர் எத்தனை பேர்? இத்தகைய கைவினைஞர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். தோலைப் பதம் பார்த்து, கரணையைச் சிறிது சிறிதாக இட்டுத் தேய்த்து, நாதத்தைக் காதால் அளந்து வரவழைப்பவர் அவர்களே. அவர்களுக்கு உரியதைக் கொடுக்க மறுக்கும் சமூகம், தோல் கிழிந்த நாளில் வேலை தெரிந்த கையைத் தேடி அலைய நேரும்.

இவ்வாண்டு இயலாதாயின் அடுத்த ஆண்டு வாங்கலாம். அதுவரை ஆசிரியரிடம் இரவல் கேட்பதில் இழிவில்லை. அவசரத்தில் வாங்கும் மலிவான கட்டையைவிட, காத்திருந்து வாங்கும் நல்ல கட்டை பேரப்பிள்ளையின் கைக்கும் உதவும்.