பொத்தான் அல்ல, ஏற்பி

செல்லின் மேல் ‘சாவு ஏற்பி’ இருக்கிறது, அதை அழுத்தினால் புற்றுநோய் தீர்ந்தது, பிறகு எதற்கு இத்தனை மருந்து என்று கேட்கிறார் கட்டுரையாளர். அழுத்திப் பார்த்தாயிற்று, ஐயா.

எலியின் உடம்பில் வளர்த்த மனிதக் கட்டி ஓர் எதிர்ப்பொருளால் கரைந்ததே என்று அவர் காட்டும் 1989 ஆய்வு உண்மைதான். ஆனால் அந்த எதிர்ப்பொருள் ஃபாஸ் என்ற சாவு ஏற்பியின் மனித வடிவில் மட்டுமே ஒட்டும். எலியின் ஏற்பியைத் தொடாது. எலி பிழைத்ததன் ரகசியம் அவ்வளவுதான். 1993-இல் ஒசாகாவில் ஆய்வாளர் நாகாடாவின் குழுவினர் எலியின் ஃபாஸிலேயே ஒட்டும் எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் கல்லீரல் அழிந்து எலிகள் செத்தன. கல்லீரல் செல்லிலும் ஃபாஸ் உண்டு. கட்டுரையில் அது இல்லை.

அடுத்து டி.என்.எஃப். ‘கட்டியழிப்புக் காரணி’ என்ற பெயரை அப்படியே நம்பிவிட்டார். இந்தப் புரதம் தன் ஏற்பியில் அமர்ந்ததும் உள்ளே போகும் முதல் சேதி பெரும்பாலும் ‘பிழைத்துக்கொள்’ என்பதே: மரபணுக்களை இயக்கும் என்.எஃப்.-கப்பா-பி விழித்துக் காப்புப் புரதங்களைச் செய்விக்கும். அந்தக் காப்பு குலைந்தால்தான் செல்லைச் சாகடிக்கும் நொதியான காஸ்பேஸ்-8 புரதங்களை வெட்டத் தொடங்கும். டி.என்.எஃப்.-ஐ உடம்பு முழுக்க ஏற்றியபோது நோயாளிகளின் ரத்த அழுத்தம் சரிந்தது. ஐரோப்பா 1999-இல் அனுமதித்ததுகூட, கை அல்லது காலின் ரத்த ஓட்டத்தைத் தனியே பிரித்துச் செலுத்தும் முறையைத்தான்.

சாவு ஏற்பியில் ஒட்டும் இன்னொரு புரதமான ட்ரெயில் சாதுவானது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். நோயாளிகளிடம் அதன் பலனும் அதே அளவு சாதுவாகவே இருந்தது.