பவளாவை எழுதிய பேராசிரியர்

2024 அக்டோபரில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஷைலஜா பாயிக்குக்கு மெக்ஆர்தர் ஃபெலோஷிப் அறிவிக்கப்பட்டது. 8 லட்சம் டாலர். புனேயின் எரவாடா குடிசைப் பகுதியில் வளர்ந்த தலித் பெண் என்று ஊடகங்கள் கொண்டாடின. கொண்டாடட்டும். ஆனால், அவர் எழுதியது என்ன?

மராட்டியத் தமாஷா மேடையில் ஆடிய தலித் பெண்களின் வரலாறு. தமாஷா என்றதும் புகழெல்லாம் பார்ப்பனக் கவிஞர் பட்டே பாபுராவுக்கு. அவர் லாவணிகளுக்கு மேடையில் உயிர்கொடுத்த மகர் பெண் பவளாவை எத்தனை பேருக்குத் தெரியும்? இப்பெண்கள் மீது 'ஆபாசம்' என்ற முத்திரையைக் குத்தியது சாதிதான் என்று பாயிக் காட்டுகிறார். ஆவணக் காப்பகத்தோடு நிற்காமல், தமாஷா பெண்களிடமே நேரில் போய்க் கேட்டு எழுதினார். தலித் பெண்களைப் பற்றிச் சான்றுகள் இல்லை என்று கைவிரிக்கும் வரலாற்றுத் துறைகள் இனி என்ன சாக்குச் சொல்லும்?