விருதுநகரில் யாருக்கு விருது?



பெயரிலேயே விருதை வைத்திருக்கும் ஊர் நம்முடையது. விருதுப்பட்டியாக இருந்தது 1923-ல் விருதுநகர் ஆனது. ஒவ்வொரு வருஷமும் ஆசிரியர் தினத்தை ஒட்டி நம் மாவட்டத்து ஆசிரியர்கள் சிலருக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது கிடைக்கிறது. வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ், 10,000 ரூபாய். மறுநாள் பேப்பரில் போட்டோ. டெல்லியில் 1958 முதல் தேசிய விருது இருக்கிறது. 2023-ல் அந்தப் பட்டியலில் பாலிடெக்னிக் ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். (நம்ம டிப்பார்ட்மென்ட் சார் யாராவது வாங்கினால் அன்றைக்கு லீவு உண்டா என்று முதலிலேயே கேட்டு வைப்போம்!)

வாங்குகிறவர்களின் தகுதி பற்றி எனக்குச் சண்டை கிடையாது. என் கேள்வி வேறு. பாடம் நடத்தியவருக்கு விருது உண்டு. பள்ளியை நன்றாக நடத்தியவருக்கும் உண்டு. 2025-ல் 100 அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது கொடுத்து, பள்ளிக்குத் தலா 10 லட்சம் ரூபாயும் கொடுத்தார்கள். ஆனால் "பாஸ் பண்ணிட்டியே, அடுத்து என்ன படிக்கப் போற?" என்று கேட்டு, வழி சொல்லி, பாரம் நிரப்பிக் கொடுத்து அனுப்பினவருக்கு என்ன உண்டு?

பாஸ் பண்ணுவதில் நம் மாவட்டம் யாருக்கும் இளைத்தது இல்லை. 2018 பிளஸ் டூ தேர்வில் 97 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதலிடம். அதே 2018-ல்தான் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று? நாமேதான்! ஒரே வருஷத்தில் தேர்ச்சியில் முதலிடம், பின்தங்கியவர்கள் பட்டியலிலும் இடம். இது எப்படி என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கிற பதிலில் ஒரு பாதி இதுதான்: எத்தனை பேர் பாஸ் என்று எண்ணுகிறோம், பாஸானவர்கள் எங்கே போனார்கள் என்று எண்ணுவதில்லை.

எங்கே போனார்கள் என்பது சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். பயராபீஸ் வேன்கள் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு போகும். எங்க அம்மா பதினைந்து வருஷமாக அந்த வேனில்தான் போகிறாங்க. அந்த வேலையைக் கேவலமாகச் சொல்ல எனக்கு வாய் வராது, அந்தச் சோறுதான் என்னைப் படிக்க வைக்கிறது. ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆசிரியர் தினம் அன்றைக்கு! எங்க பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தத் தேதி என்றால் முதலில் நினைவுக்கு வருவது விருது இல்லை.

பத்தாவது முடித்தபோது எனக்கு பாலிடெக்னிக் என்று ஒன்று இருப்பதே சரியாகத் தெரியாது. வீட்டில் யாரும் படித்ததில்லை, யாரைக் கேட்பது? "லீவுல சும்மா இருக்காம அச்சாபீஸ்ல காலண்டர் அடுக்கப் போ"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. சர்டிபிகேட் வாங்க ஸ்கூலுக்குப் போனேன். ஆபீஸில் இருந்த உதவியாளர் மார்க்கைப் பார்த்துவிட்டு, "கணக்குல இவ்வளவு வாங்கியிருக்க, அச்சாபீஸுக்கா போற? பாலிடெக்னிக் போடு பாப்பா"ன்னார். பழைய தபால் கவர் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்: சாதிச் சான்று, வருமானச் சான்று, இ-சேவை மையத்தில் எடுக்க வேண்டியவை, ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி. டிப்ளமோ முடித்தால் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும்.

என் கூடப் படித்த ஒருத்தி என்னைவிட மார்க் அதிகம். அவளுக்குப் பதில் அவங்க அப்பா போய் சர்டிபிகேட் வாங்கி வந்தார். அன்றைக்கு அந்த உதவியாளர் லீவு. அவள் முதலில் பைண்டிங் வேலைக்குப் போனாள், 18 முடிந்ததும் பயராபீஸில் பேக்கிங். போன தீபாவளிக்குப் பார்த்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உனக்கு மட்டும் யாருடி சொன்னது?"

யார் எந்தக் கிழமை சர்டிபிகேட் வாங்கப் போகிறார்கள் என்பதை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பு முடிவாகலாமா?

இது புதுக் கேள்வி இல்லை. நம்ம சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் கூடிய இடைநிலைக் கல்விக் குழுவே பள்ளிகளில் தொழில் வழிகாட்டி ஆசிரியர்கள் வேண்டும் என்றது. 1964-66 கோத்தாரி குழு, பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது சுற்றி வரட்டும் என்றது. இங்கே 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' வந்தது, அதே வருஷம் 'கல்லூரிக் கனவு' நடந்தது. அதற்குப் பிறகு பள்ளியில் ஓர் ஆசிரியர் இந்த வேலையையும் பார்க்கிறார். கவனியுங்கள், இந்த வேலை'யையும்'! பாடம் நடத்தி, பேப்பர் திருத்தி, மிச்ச நேரத்தில்.

அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பள்ளி ஆலோசகர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2015-ல் மிச்செல் ஒபாமா அந்த விழாவை வெள்ளை மாளிகைக்கே கொண்டுவந்தார். 2017 ஜனவரியில் அதிபரின் மனைவியாக அவர் பேசிய கடைசிப் பேச்சும் அந்த மேடையில்தான். இத்தனைக்கும் அவர் படித்த பள்ளியின் ஆலோசகர், பெரிய பல்கலைக்கழகத்துக்கு இவர் சரிப்படுவாரா என்று சந்தேகப்பட்டவராம். தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அதையும் மீறிப் போய்ப் படித்தார். வீட்டில் படித்தவர் இல்லாத பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி மீறுவோம்? தப்பாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கே அவ்வளவு பலம் என்றால் சரியாகச் சொல்கிறவரைக் கொண்டாட வேண்டாமா?

அங்கே பள்ளிப் பணியாளர் நிர்வாகிகளுக்கும் தனிச் சங்கம், தனி விருதுகள் உண்டு. யார் இவர்கள் என்கிறீர்களா? எந்தப் பள்ளியில் எந்த வாத்தியார் இடம் காலி, யாரை எங்கே போடுவது என்று பார்க்கிறவர்கள். நம் ஊரில் முதன்மைக் கல்வி அலுவலகம், மாவட்டக் கல்வி அலுவலகத்து ஆட்கள். பணி மாறுதல் கலந்தாய்வு என்றால் திட்டு வாங்குவது மட்டும்தான் அவர்கள் பங்கு! நான் பத்தாவது படிக்கையில் காலாண்டு வரை கணக்குக்கு ஆசிரியரே இல்லை. பிறகு வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒரு டீச்சர் வந்தாங்க. உதவியாளர் பார்த்து வியந்த என் கணக்கு மார்க் அப்படி வந்ததுதான். எங்க குக்கிராமத்துக்கு ஒரு டீச்சரை அனுப்பணும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட அந்த அலுவலர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் நான் ஒருத்தி இருப்பது தெரியாது.

"சம்பளம் வாங்கிட்டுச் செய்ற வேலைக்கு விருது எதுக்கு?" என்று ஹாஸ்டலில் ஒருத்தி மடக்கினாள். ஆசிரியரும் சம்பளம் வாங்குகிறவர்தானே! அவள் சொன்ன இன்னொன்றுதான் கொஞ்சம் உறைத்தது. விருது என்று வந்தால் ஃபைல் வரும், போட்டோ வரும், வழி சொல்கிற நேரத்தில் சொன்னதாக ஆல்பம் தயாராகும். தேசிய விருதுக்கு 2018 முதல் அவரவரே ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார்கள். என் உதவியாளர் ஜென்மத்துக்கும் விண்ணப்பிக்க மாட்டார்.

அதனால் பழைய மாணவர்கள் பெயர் சொல்லட்டும் என்கிறேன். அதோடு தேர்ச்சி விழுக்காட்டை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் ஒரு வருஷம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். முக்கியமாக, பயராபீஸ் வேன் வருகிற ஊர்களில்.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும், நம் யூனியன் இந்த ஆண்டு விழாவிலேயே ஆரம்பிக்கலாம். "உன்னை இங்கே அனுப்பினது யார்?" என்று ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடுவோம். வாத்தியார், கிளார்க், வாட்ச்மேன், யாராகவும் இருக்கட்டும். ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை, ஒரு கேடயம். யூனியனில் காசில்லை என்று செயலாளர் சொல்வார், தெரியும். ஸ்போர்ட்ஸ் டேக்கு வாங்குகிற கேடயங்களில் ஒன்றைக் குறைத்தால் போதும். கயிறு இழுக்கும் போட்டிக்கு எப்படியும் மெக்கானிக்கல்தானே வாங்கப் போகிறது!