விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள்!

"முதல் கல்யாணம் ரத்தாகிவிட்டது. கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது."

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு இரண்டாவது கல்யாணம் பேச வருகிறவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பெண் வீட்டாரும் தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

ஜாதகம் பார்க்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். வீடு சொந்தமா, வாடகையா என்று கேட்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு காகிதத்தைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள்.

அது விவாகரத்துத் தீர்ப்பின் நகல்.

கேட்டால் சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வார்களே என்று பயம். இந்தப் பயம் வேண்டாம். பத்து சென்ட் நிலம் வாங்குவது என்றால்கூட வில்லங்க சர்டிபிகேட் போட்டுப் பார்க்கிறோம். நிலத்துக்காரர் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. பெற்ற பெண்ணின் வாழ்க்கை பத்து சென்ட் நிலத்தைவிட மலிவாகப் போய்விட்டதா?

கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, அதை எப்படி வாங்குவது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாஷிங்டனில் கிடைக்காது

அமெரிக்கா முழுவதற்கும் ஒரே ஆபீஸ் இருக்கும், அங்கே எழுதிப் போட்டால் பதில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஓர் ஆபீஸ் கிடையாது.

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருக்கின்றன. கல்யாணமும் விவாகரத்தும் அந்தந்த மாநிலத்தின் சட்டப்படி நடப்பவை. மாநிலங்கள் 'கவுண்டி'களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கவுண்டி என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். லூசியானா மாநிலத்தில் அதற்குப் 'பாரிஷ்' என்று பெயர். நாடு முழுவதும் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உண்டு.

எந்தக் கவுண்டி கோர்ட்டில் வழக்கு முடிந்ததோ, அங்கேதான் தீர்ப்பு இருக்கும். அதைப் பாதுகாக்கும் அதிகாரிக்குக் 'கிளார்க்' என்று பெயர். இவர் சாதாரண குமாஸ்தா அல்ல. கோர்ட்டு ரிக்கார்டுகளுக்கெல்லாம் பொறுப்பானவர்.

கோர்ட்டின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 'டிஸ்ட்ரிக்ட் கிளார்க்' என்பவரைக் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் 'சுப்பீரியர் கோர்ட்டு'. புளோரிடாவில் 'சர்க்யூட் கோர்ட்டு'. நியூயார்க்கில் விவாகரத்து வழங்குவது 'சுப்ரீம் கோர்ட்டு'. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அந்த மாநிலத்தில் அது எல்லாவற்றுக்கும் மேலான கோர்ட்டு அல்ல. அங்கே ரிக்கார்டு கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும்.

எந்தக் கவுண்டி?

கல்யாணம் எங்கே நடந்தது என்று பார்த்துத் தேடினால் ஏமாந்துபோவோம். வழக்கு எங்கே போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது, வழக்குப் போட்ட சமயத்தில் கணவனோ மனைவியோ குடியிருந்த கவுண்டியாக இருக்கும்.

டெக்சாஸில் வழக்குப் போட, மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுண்டியில் 90 நாளும் குடியிருந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் மாநிலத்தில் 6 மாதம், கவுண்டியில் 3 மாதம்.

நெவாடா மாநிலத்தின் கதை வேறு. 1931-ல் அங்கே 6 வாரம் தங்கினால் போதும் என்று சட்டம் செய்தார்கள். உடனே பல மாநிலங்களிலிருந்தும் ஜனங்கள் ரீனோ நகரத்துக்கு ரயிலேறினார்கள். 6 வாரம் தங்கினார்கள். விவாகரத்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் வாழ்ந்தது நியூயார்க்காக இருக்கலாம். ஆனால் தீர்ப்பு இருப்பது ரீனோ இருக்கும் வாஷோ கவுண்டியில்!

ஆகவே, "வழக்குப் போட்டபோது எங்கே இருந்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி.

பெயரில் வரும் குழப்பம்

நம்மவர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல்தான் வழக்கம். அமெரிக்காவில் குடும்பப் பெயர் கேட்பார்கள். எனவே அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும். ஊரில் 'எஸ். முருகன்' என்று இருந்தவர் அங்கே 'முருகன் சுப்பிரமணியம்' ஆகிவிடுவார். கோர்ட்டுப் பட்டியலில் அவரைச் 'சுப்பிரமணியம்' என்ற பெயரில் தேட வேண்டும்.

பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே கட்டத்தில் இருந்தால், இன்னொரு கட்டத்தில் 'எப்.என்.யு.' என்று போட்டுவிடுவதும் உண்டு. 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெண்கள் சிலர் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் தகப்பனார் பெயரையே வைத்திருப்பார்கள்.

எல்லா விதமாகவும் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு விதமாகத் தேடிவிட்டு 'வழக்கே இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்துவது நல்லது.

எந்தக் காகிதம்?

'விவாகரத்துப் பத்திரம்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மூன்று விதம் இருக்கிறது.

ஒன்று, சர்டிபிகேட். இன்னார் இன்னாரை இந்தத் தேதியில் விவாகரத்துச் செய்தார் என்று மட்டும் அதில் இருக்கும். சில மாநிலங்களில் இதை மாநில ஆபீஸே கொடுக்கும். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையிடம் 1963 முதல் இருக்கிறது. டெக்சாஸ் மாநில ஆபீஸ் 1968 முதல் நடந்த வழக்குகளுக்கு, பதிவு இருக்கிறது என்று ஒரு கடிதம் மட்டும் தரும். கலிபோர்னியா மாநில ஆபீஸிடம் 1962 முதல் 1984 ஜூன் வரை உள்ளவை மட்டுமே உண்டு.

இரண்டாவது, தீர்ப்பு. நீதிபதி கையெழுத்துப் போட்டது. பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும், ஜீவனாம்சம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மூன்றாவது, வழக்குக் கட்டு முழுவதும்.

நமக்கு வேண்டியது இரண்டாவது. அதிலும் கோர்ட்டு முத்திரை போட்ட, சான்றளிக்கப்பட்ட நகல் வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் போதாது.

கேட்பது எப்படி?

கிளார்க் ஆபீஸுக்கு நேரில் போகலாம். தபாலில் எழுதலாம். பல கவுண்டிகளில் இணையதளம் மூலமே கேட்கலாம். இருவரின் முழுப் பெயர், தீர்ப்பான வருஷம், தெரிந்தால் வழக்கு எண், எத்தனை நகல் வேண்டும் என்ற விவரங்களைக் குறிப்பிட வேண்டும். வழக்கு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டணம் கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும். பணம் அனுப்புவதற்கு முன் அந்தக் கிளார்க்கின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "எல்லா ரிக்கார்டும் எடுத்துத் தருகிறோம்" என்று தனியார் விளம்பரங்கள் வரும். அவர்களுக்குக் கொட்டிக் கொடுப்பதற்கு முன், கோர்ட்டையே நேரில் கேட்டுவிடுவது மேல்.

யார் கேட்கலாம்?

டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் விவாகரத்து ரிக்கார்டுகளைப் பொதுவாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கோர்ட்டு மூடி வைத்தவை மட்டும் விலக்கு. நியூயார்க்கில் அப்படி இல்லை. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வழக்கின் இரு தரப்பாருக்கும் அவர்கள் வக்கீல்களுக்கும் மட்டுமே கட்டைக் காட்டுவார்கள். 100 வருஷம் இந்தக் கட்டுப்பாடு!

எது சரி? விவாகரத்து ஆயிற்றா இல்லையா என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய சங்கதி. ஏனென்றால் அதை நம்பி இன்னொருவர் கழுத்தை நீட்டுகிறார். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் என்ன சண்டை போட்டார்கள் என்பது ஊருக்கு வேண்டாதது. தீர்ப்பு வெளியே இருக்கட்டும், சண்டை உள்ளே இருக்கட்டும் என்பதே நம் கட்சி.

மாப்பிள்ளையே கேட்டால் நியூயார்க்கிலும் நகல் கிடைக்கும். எனவே, "ரிக்கார்டு ரகசியம், எடுக்க முடியாது" என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சு எடுபடாது. விவாகரத்தான பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். சான்று நகலை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தால், மறுமணத்தின்போது வீண் பேச்சுக்கு இடம் இருக்காது.

தேதியைப் பாருங்கள்

நகல் கைக்கு வந்ததும் தேதியைப் படியுங்கள். வழக்குப் போட்ட தேதி வேறு, விவாகரத்தான தேதி வேறு. கலிபோர்னியாவில் எதிர்த்தரப்புக்கு வழக்கு விவரம் போய்ச் சேர்ந்து 6 மாதம் ஆகாமல் கல்யாண பந்தம் அறாது. டெக்சாஸில் தீர்ப்புக்குப் பிறகும் பொதுவாக 30 நாளுக்கு வேறொருவரை மணக்கக் கூடாது. விஸ்கான்சினில் 6 மாதம் பொறுக்க வேண்டும்.

முதல் கல்யாணம் இந்தியாவில் இந்து முறைப்படி நடந்ததா? அப்படியானால் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லும் என்று 1991-ல் நம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. மனைவி அந்த வழக்கை ஏற்று ஆஜரானாரா, சம்மதித்தாரா, எந்தக் காரணத்துக்காக விவாகரத்து வழங்கப்பட்டது என்பதையெல்லாம் பார்ப்பார்கள். மனைவி இங்கே இருக்க, அவருக்குத் தெரியாமலே அங்கே வாங்கிய தீர்ப்பு இங்கே செல்லாமல் போகக்கூடும்.

இந்த விவரங்கள் சர்டிபிகேட்டில் இருக்காது. அதனால்தான் தீர்ப்பையே கேளுங்கள் என்கிறோம். வாங்கி, ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். இந்தியாவில் தாக்கல் செய்வதானால் 'அப்போஸ்டில்' என்ற சான்றும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் 'செக்ரட்டரி ஆப் ஸ்டேட்' ஆபீஸ் அதைக் கொடுக்கும்.

முதல் மனைவி உயிரோடு இருக்க, அந்தக் கல்யாணம் முறைப்படி முடியாமல் இன்னொரு கல்யாணம் செய்வது குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவில் இதற்கு 7 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. முதல் கல்யாணத்தை மறைத்துச் செய்தால் 10 வருஷம் வரை.

மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவார், சரி. ஆனால் தாலி கட்டிக்கொண்ட பெண்ணின் கதி? அவளுடைய கல்யாணமே செல்லாது என்று ஆகிவிடுமே!

யோக்கியமான மாப்பிள்ளை இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். "இதோ நகல், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எடுத்து நீட்டுவார். கோபப்படுகிறவர் வீட்டில் பெண் கொடுக்க ஏன் அவசரப்பட வேண்டும்?

முகூர்த்தம் அப்புறம் பார்க்கலாம். முதலில் தீர்ப்பைப் பாருங்கள்!