முப்பது வயதில் டாக்டர் கனவு: காணியை விற்க முதல் கொஞ்சம் யோசிப்போம்



பட்டம் முடித்து, ஒரு வேலையிலும் இருந்துகொண்டு, "இனி டாக்டருக்குப் படிக்க ஏலாதா?" என்று கேட்கிற தம்பி, தங்கைமார் நம் வன்னியில் இருக்கிறார்கள். ஊரில் சிலர் இதைப் பகிடியாக எடுக்கிறார்கள். நாங்கள் அப்படி எடுக்கவில்லை.

இவர்களில் பலர் விரும்பிய துறையைப் படித்தவர்கள் அல்லர், கிடைத்ததைப் படித்தவர்கள். 1990இல் விரட்டப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தார்கள். 2008, 2009இல் உயர்தர வயதில் இருந்த வன்னிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு இடம்பெயர்ந்தார்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி பாடசாலைகளில்தான். ஊரில் இருப்பது 1சி பாடசாலை என்றால் கலை அல்லது வர்த்தகம். அந்தப் பிள்ளைக்கு உயிரியல் படிக்க ஆசை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஆசை நியாயமானது என்பதற்காக ஏஜென்சிக்காரர் காட்டும் வழியெல்லாம் சரியாகிவிடாது.

அமெரிக்காவில் மருத்துவம் என்பது ஒரு பட்டத்துக்குப் பிறகு படிக்கும் 4 வருடப் படிப்பு. வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் ஒன்றிரண்டு வருடம் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் படித்து, எம்கேட் பரீட்சை எழுதி விண்ணப்பிக்க அங்கே தனிக் கற்கைநெறிகள் உண்டு. பிரித்தானியாவில் பட்டதாரிகளுக்கென 4 வருட மருத்துவப் படிப்பு இருக்கிறது. பிலிப்பைன்ஸிலும் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவம்.

நம் நாட்டில் அந்தக் கதவே இல்லை. உயர்தரம், மூன்று தடவை, இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி, அவ்வளவுதான். அதன் பிறகு எவ்வளவு பெரிய பட்டம் இருந்தாலும் அரச மருத்துவ பீடம் அதைப் பார்க்காது.

அதனால் "ப்ரீமெட்", "ஃபவுண்டேஷன்" என்ற பெயரில் வரும் விளம்பரங்களை முடிவிலிருந்து முதலுக்கு வாசியுங்கள். முதலாவது, அந்த வருடம் முடிந்ததும் எந்த மருத்துவ பீடத்தில் இடம், அது உறுதியா, எழுத்தில் தருவார்களா? இரண்டாவது, அந்தப் பீடத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா? மூன்றாவது, உங்கள் உயர்தரப் பெறுபேற்றோடு இங்கே பதிவு செய்ய முடியுமா? கலைப் பிரிவில் படித்தவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பதிலை ஏஜென்சியிடம் அல்ல, மருத்துவ சபையிடமே எழுதிக் கேளுங்கள்.

வருடங்களையும் கூட்டிப் பாருங்கள். 30 வயதில் தொடங்கினால் ஆயத்தத்துக்கு ஒன்றிரண்டு வருடம், படிப்புக்கு ஐந்தாறு வருடம், திரும்பி வந்து ஈஆர்பிஎம் பரீட்சை, பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. நாற்பதைத் தொட்டுவிடும். அதுவரை வீட்டுச் செலவை யார் பார்ப்பது? வாப்பாவின் காணியை விற்றால், அதில் பங்குள்ள தங்கச்சியின் நிலை என்ன?

இதற்கெல்லாம் பதில் இருக்கிறவர் தாராளமாகப் போகட்டும். வயது ஒரு குற்றமல்ல. பதில் இல்லாதவர் தன்னிடமே ஒரு கேள்வி கேட்கட்டும்: எனக்கு வேண்டியது நோயாளிக்கு உதவும் வேலையா, பெயருக்கு முன்னால் வரும் 'டாக்டர்' என்ற சொல்லா? பௌதிகவியல் பட்டதாரிக்கு பேராதனையில் மருத்துவ பௌதிகவியல் முதுமாணி இருக்கிறது. அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிதான்.

ஊராக நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பட்டதாரிகளுக்கு மருத்துவ பீடங்களில் சில இடங்களையாவது ஒதுக்குங்கள் என்று அரசிடம் கேட்போம். அதைவிட அவசரமானது, நம் பாடசாலைகளுக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர்கள். பதினாறு வயதில் அந்தக் கதவு திறந்திருந்தால் முப்பது வயதில் காணியை விற்கத் தேவையில்லை.

காசு கட்ட முதல் ஊரில் விசயம் தெரிந்த நாலு பேரிடம் கதையுங்கள். எங்களிடமும் வாருங்கள், கடிதம் எழுத உதவுகிறோம். அல்லாஹ் நலவையே நாடுவானாக.