ஏகனாபுரத்துக்கு என்ன பதில்?



உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் போற்றாத தலைவர் இல்லை. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஊரை நிர்வகிக்கும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே விதித்தது பெரிய விஷயம்தான். ஆனால் நிலமில்லாதவருக்கு அதில் இடமில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய கிராம சபையில் வாக்காளர் எல்லோருக்கும் குரல் உண்டு. அதை முழுதாகப் பயன்படுத்தியவர்கள் உத்திரமேரூர் இருக்கும் இதே மாவட்டத்து ஏகனாபுரம் மக்கள். 2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் வந்ததும், வயலும் ஏரியும் பறிபோகும் என்று எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். திரும்பத் திரும்பப் போட்டார்கள். பகலில் காட்டுவேலை, இரவில் போராட்டப் பந்தல். பெண்களும் பிள்ளைகளும் உடன் உட்கார்ந்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று உயர்த்திய அரசு, அங்கே நிறைவேறும் தீர்மானத்துக்கு எழுத்தில் பதில் தரவும் சட்டம் கொண்டுவர வேண்டும்.

– ஒரு வாசகர், உத்திரமேரூர்